கடைசி ஆட்டம்: பெண்கள் உலகச் சதுரங்கம் பற்றிக் கிருஷ்ணகிரி வகுப்பில் கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் சனி, ஞாயிறுகளில் பெண் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுக்கிறேன். பர்கூர், காவேரிப்பட்டினம் பிள்ளைகளே அதிகம். தருமபுரி பக்கம் காரிமங்கலத்திலிருந்தும் சிலர் பஸ் ஏறி வருகிறார்கள். 2023 ஜூலையில் சீனாவில் நடந்த பெண்கள் உலகச் சாம்பியன்ஷிப்பின் கடைசி ஆட்டத்தை, சுவரில் தொங்கும் துணிப் பலகையில் காய் செருகிக் காட்டினேன். அன்றிலிருந்து பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டுவரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

அது எந்த ஆட்டம்? அதில் அப்படி என்ன இருக்கிறது?

சாம்பியன் ஜூ வென்ஜுன். அவரை எதிர்த்தவர் லெய் டிங்ஜி. இருவரும் சீனர்கள். மொத்தம் 12 ஆட்டங்கள். முதல் ஆறு ஷாங்காயில், அடுத்த ஆறு சோங்சிங்கில். ஷாங்காய் ஜூவின் ஊர், சோங்சிங் லெய்யின் ஊர். ஐந்தாவது ஆட்டத்தில் லெய் வென்றார். எட்டாவது ஆட்டத்தில் ஜூ வென்று சமன் செய்தார். பதினோராவது வரை மற்றவை எல்லாம் டிரா. அதாவது ஜூவின் ஊரில் லெய் வென்றார், லெய்யின் ஊரில் ஜூ வென்றார். சொந்த மண் இருவருக்குமே கைகொடுக்கவில்லை.

வென்றால் ஒரு புள்ளி, டிரா என்றால் ஆளுக்கு அரை. பதினோரு ஆட்டம் முடிந்தபோது ஆளுக்கு ஐந்தரைப் புள்ளி. இரண்டரை வாரம் உட்கார்ந்து ஆடியும் ஆட்டம் தொடங்கிய இடத்திலேயே நின்றது. ஜூலை 22, சனிக்கிழமை, பன்னிரண்டாவது ஆட்டம். ஜூவுக்கு வெள்ளைக் காய். அதில் அவர் வென்று, 6.5–5.5 என்ற கணக்கில் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார். டிரா ஆகியிருந்தால் வேக ஆட்டங்களுக்குப் போயிருக்கும். தோற்றிருந்தால் பட்டம் கைமாறியிருக்கும்.

உலகப் பட்டத்தின் கடைசி ஆட்டத்தில், வெள்ளைக் காய் வைத்துக்கொண்டு, ஏன் அவ்வளவு சாதுவாகத் தொடங்கினார்?

அன்று வகுப்பில் முதலில் எழுந்த கேள்வி இதுதான். கேட்டவள் ஏழாம் வகுப்புப் பெண். “மிஸ், இது நீங்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஆரம்பம்தானே?” என்றாள். அவள் சொன்னது சரி. ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவது, குதிரையை வெளியே எடுப்பது, ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்துவது. கோல் முறை என்று இதற்குப் பெயர். சதுரங்கம் கற்க வந்த இரண்டாவது மாதமே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவோம்.

உலகப் பட்டத்துக்கு ஆடுபவர்கள் மாதக்கணக்கில் கணினியோடு உட்கார்ந்து தயாராகிறார்கள். எதிராளி எந்த ஆரம்பத்தை ஆடினாலும் இருபது நகர்த்தல் வரை பதில் மனப்பாடமாக இருக்கும். அந்த மனப்பாடம் செல்லாத இடத்துக்கு எதிராளியை அழைத்துப் போக வேண்டும். அதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, யாரும் ஆடாத காட்டுத்தனமான ஆரம்பம். அதில் தானும் வழி தவறும் ஆபத்து இருக்கிறது. இன்னொன்று, எல்லோருக்கும் தெரிந்த, ஆனால் இந்த உயரத்தில் அதிகம் ஆடப்படாத அமைதியான ஆரம்பம். காய்கள் பலகையிலேயே இருக்கும், ராஜா பத்திரமாக இருக்கும். இனி யார் நன்றாகச் சதுரங்கம் ஆடுகிறார் என்பதுதான் கேள்வி. ஜூ இரண்டாவது வழியில் போனார்.

நான் அதை பயம் என்று படிக்கவில்லை. தன் ஆட்டத்தின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை என்றே படிக்கிறேன். “ஆரம்பத்தில் எனக்கு ஒன்றும் வேண்டாம், மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்” என்று உட்காருவதற்கு எவ்வளவு நெஞ்சுறுதி வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். பதறாத காரியம் சிதறாது என்று நம் வீடுகளில் தினமும் சொல்கிறோம். உலகப் பட்டம் கையை விட்டுப் போகக்கூடிய நாளில் அதை நடத்திக் காட்டுவது வேறு. அந்த வெற்றி ஒரே அதிரடியில் வரவில்லை. பொறுமையாகச் சேர்த்த சின்னச் சின்ன அனுகூலங்களால் வந்தது. ராணியைப் பலிகொடுத்து மேட் செய்யும் ஆட்டங்களைக் காணொளியில் பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு இது முதலில் சப்பென்று இருந்தது. மறுவாரம் அவர்களே மறுபடியும் பலகையில் போடச் சொன்னார்கள்.

உட்கார்ந்த இடத்தில் ஆடுவதுதானே, அதில் என்ன களைப்பு?

இந்த மேட்ச்சில் முதல் 40 நகர்த்தல்களுக்கு ஒவ்வொருவருக்கும் 90 நிமிடம், அதன்பின் 30 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 விநாடி கூடுதல். ஓர் ஆட்டம் நாலைந்து மணி நேரம் போகலாம். அந்த நேரம் முழுக்க யாரிடமும் ஒரு வார்த்தை கேட்க முடியாது. பள்ளித் தேர்வை மூன்று மணி நேரம் எழுதிவிட்டு வந்த பிள்ளையின் முகத்தைப் பார்த்திருப்பீர்கள். அதோடு கடைசிக் கேள்வி வரை எதிரில் ஒருவர் உட்கார்ந்து பதிலை அழித்துக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள்.

சமமாக முடிந்தால் பட்டம் யாருக்கு?

முன்பு சாம்பியனுக்கு. 1981இல் மாயா சிபுர்தானிட்ஸேவும் நானா அலெக்ஸாண்டிரியாவும் ஆடிய மேட்ச் 8–8 என்று முடிந்தது. பட்டம் சாம்பியன் மாயாவிடமே தங்கியது. எதிர்த்து ஆடியவர் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை, ஆனாலும் வெறுங்கையோடு போனார். எனக்கு அந்த விதி எப்போதுமே மனத்துக்கு ஒப்பவில்லை.

இப்போது நேரம் குறைந்த ரேபிட் ஆட்டங்கள் வைக்கிறார்கள். 2020இல் இதே ஜூ வென்ஜுன், ரஷ்யாவின் அலெக்ஸாண்ட்ரா கோர்யாச்கினாவோடு ஆடியபோது, பதினோரு ஆட்டம் முடிவில் ஒரு புள்ளி முன்னால் இருந்தார். கடைசி ஆட்டத்தில் டிரா போதும். தோற்றார். 6–6. அதற்குப் பிறகு நடந்த நான்கு ரேபிட் ஆட்டங்களில் மூன்றாவதை வென்று, 2.5–1.5 என்று பட்டத்தைக் காப்பாற்றினார்.

2023இன் கடைசி ஆட்டத்தைப் பார்க்கும்போது இதை மறக்காதீர்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் இதே பன்னிரண்டாவது ஆட்டத்தில் அடி வாங்கியவர் அவர். அந்த நாற்காலி அவருக்குப் புதிது இல்லை.

தோற்ற லெய் டிங்ஜி என்ன ஆனார்? அவரைப் பற்றி யாருமே பேசுவதில்லையே?

காவேரிப்பட்டினத்திலிருந்து வரும் ஒரு பெண் கேட்டாள். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி.

லெய் வேறு நாட்டு வீராங்கனைகளையும் தன் நாட்டு முன்னாள் சாம்பியன் டான் சோங்யியையும் தாண்டி, சாம்பியனை எதிர்த்து ஆடப்போவது யார் என்று முடிவுசெய்யும் கேண்டிடேட்ஸ் போட்டியில் வென்று இந்த மேட்ச்சுக்கு வந்தவர். பதினோரு ஆட்டம் வரை உலகச் சாம்பியனுக்குச் சமமாக நின்றார். அவருக்குக் கடைசி ஆட்டத்தில் நேர்ந்த முதல் இழப்பும் இது இல்லை. 2019 டிசம்பரில் மாஸ்கோவில் நடந்த பெண்கள் உலக ரேபிட் போட்டியில் லெய்யும் நம் கோனேரு ஹம்பியும் சமமாக வந்தார்கள். கடைசியில் அர்மகெடான் ஆட்டம் வரை போய், பட்டம் ஹம்பிக்குக் கிடைத்தது. அர்மகெடான் என்றால், கறுப்புக் காய் ஆடுபவருக்கு நேரம் குறைவு, ஆனால் டிரா ஆனாலும் அவரே வென்றவர். இரண்டில் ஒன்று பார்த்துவிடும் ஆட்டம்.

இவ்வளவு பெரிய இரண்டு கடைசி ஆட்டங்களில் இழந்த பிறகும் அவர் ஆடிக்கொண்டிருந்தார். நம் பிள்ளைகளுக்கு ஜூவைப் போலவே லெய்யையும் காட்ட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இந்தியப் பெண்கள் இப்படி ஒரு முடிவு ஆட்டம் ஆடியிருக்கிறார்களா?

உலகப் பட்டத்துக்கான மேட்ச்சில் ஹம்பி 2011இல் அல்பேனியாவின் திரானாவில் சீனாவின் ஹோ யிஃபானோடு ஆடினார். ஹோ 5.5–2.5 என்று வென்றார். கடைசி ஆட்டம் வரை அது போகவில்லை.

ஆனால் 2025 ஜூலை 28, திங்கட்கிழமை மாலையை எங்கள் வகுப்பு மறக்காது. கருங்கடல் ஓரத்தில் இருக்கும் ஜார்ஜியாவின் பாத்துமி நகரம். பெண்கள் உலகக் கோப்பை இறுதி. இரு பக்கமும் இந்தியர்: ஹம்பி, நாக்பூரின் திவ்யா தேஷ்முக். நீண்ட ஆட்டங்கள் இரண்டும் டிரா. பிறகு ஆளுக்கு 15 நிமிடம், நகர்த்தலுக்கு 10 விநாடி கூடுதல் என்ற ரேபிட். முதலாவதும் டிரா. இரண்டாவதில் ஹம்பிக்கு வெள்ளை. கடிகாரத்தில் நேரம் கரையக் கரைய ஹம்பியின் கை தடுமாறியது. கறுப்புக் காய் ஆடிய திவ்யா வென்றார்.

ஹம்பி 2002இல் பதினைந்து வயதில், சதுரங்கத்தின் மிக உயர்ந்த பட்டமான கிராண்ட்மாஸ்டர் ஆனபோது திவ்யா பிறக்கவே இல்லை. அந்த ஒரு வெற்றியால் திவ்யாவுக்கும் கிராண்ட்மாஸ்டர் பட்டம் நேராகக் கிடைத்தது. இந்தியப் பெண்களில் நான்காவது. ஹம்பி, ஹரிகா, நம் சென்னை வைஷாலிக்கு அடுத்து. ஆட்டம் முடிந்து திவ்யா தன் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுததை எல்லோரும் பார்த்தீர்கள். ஹம்பி எழுந்து போனதையும் நான் பார்த்தேன். அன்று யாருக்காகக் கைதட்டுவது என்று தெரியாமல் என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் தட்டினார்கள்.

மூளை விளையாட்டுக்குப் பெண்களுக்குத் தனிப் பட்டம் எதற்கு?

பெண்கள் எல்லாப் பொதுப் போட்டிகளிலும் ஆடலாம், தடை இல்லை. ஹங்கேரியின் ஜூடித் போல்கர் பெண்கள் உலகப் பட்டத்துக்கு ஆடவே இல்லை. ஆண்களோடு ஆடி உலகத் தரவரிசையில் எட்டாவது இடம் வரை போனார். ஆகவே மூளையின் அளவு பற்றிய பேச்சை இங்கே வைக்க வேண்டாம்.

தனிப் பட்டம் இருப்பது எண்ணிக்கைக்காக. பொதுப் போட்டிக்கு நூறு பேர் வந்தால் அதில் பெண் பிள்ளைகள் எத்தனை பேர் என்று நம் மாவட்டப் போட்டியிலேயே எண்ணிப் பாருங்கள். 1927இல் வேரா மென்சிக் முதல் பெண்கள் உலகச் சாம்பியன் ஆனதிலிருந்து, இந்தப் பட்டம் இருப்பதால்தான் பல நாடுகளில் பெண்களுக்குப் பயிற்சியும் பணமும் ஒதுக்கப்பட்டன. ஜார்ஜியாவின் நோனா கப்ரிந்தாஷ்விலி 1962இல் பட்டம் வென்றார். பின்னாளில் 1978இல் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் பெண்ணும் அவரே. அவரைப் பார்த்து அந்தச் சின்ன நாட்டில் ஒரு தலைமுறைப் பெண்களே சதுரங்கம் ஆட வந்தார்கள். நமக்கும் அப்படி ஒரு தலைமுறை வரட்டும். அதற்குப் பிறகு தனிப் பட்டம் தேவையா என்று பேசலாம்.

என் மகள் கடைசிச் சுற்று என்றாலே பதறிவிடுகிறாள். என்ன செய்வது?

என்னிடம் ஒரு பழைய தாள் இருக்கிறது. எனக்குப் பதினான்கு வயதில், பள்ளிகளுக்கான ஒரு போட்டியின் கடைசிச் சுற்றில் ஆடிய ஆட்டம். ஆடும்போதே ஒவ்வொரு நகர்த்தலையும் தாளில் எழுத வேண்டும் என்பது விதி. எழுதியதன் மஞ்சள் நகல் நமக்குக் கிடைக்கும். அன்று டிரா செய்திருந்தாலே எனக்குப் பரிசு. தாளின் முதல் பத்து வரிகள் முத்து முத்தாக இருக்கின்றன. பதினோராவது வரியிலிருந்து எழுத்து வலப்பக்கம் சாய்கிறது. பதினைந்தாவதில் ஒரு எண்ணை அடித்துத் திருத்தியிருக்கிறேன். பத்தொன்பதாவதில் யானையை இழந்தேன். கடிகாரத்தில் அப்போது எனக்கு முக்கால் மணி நேரம் மிச்சம் இருந்தது. நேரம் இல்லாமல் தோற்கவில்லை, நேரத்தைப் பயன்படுத்தாமல் தோற்றேன்.

அதனால் இப்போது பிள்ளைகள் போட்டியிலிருந்து திரும்பினால் “ஜெயித்தாயா?” என்று கேட்பதற்கு முன் தாளை வாங்கிப் பார்க்கிறேன். எங்கே எழுத்து மாறுகிறதோ அங்கேதான் பதற்றம் தொடங்கியிருக்கிறது. தவறான நகர்த்தல் பெரும்பாலும் அதற்கு நாலைந்து வரி தள்ளி இருக்கும். தவறைத் திருத்துவதைவிட அந்த இடத்தைக் காட்டுவது அதிகம் உதவுகிறது. “இங்கே உனக்கு என்ன தோன்றியது?” என்று கேளுங்கள். சில சமயம் எதிராளி எழுந்து நடந்திருப்பார், சில சமயம் பக்கத்து மேசையில் தோழி ஜெயித்திருப்பாள், சில சமயம் வாசலில் அப்பா நின்றிருப்பார்.

அப்பாக்களுக்கு ஒரு வேண்டுகோள். கண்ணாடிக்கு வெளியே நின்று முகத்தைக் காட்டாதீர்கள். வெளியே போய் ஒரு டீ குடியுங்கள்.

பிள்ளைகளுக்கு நான் சொல்லும் பழக்கம் ஒன்றே ஒன்று. முதல் சுற்றில் எப்படி ஆடுகிறாயோ அப்படியே கடைசிச் சுற்றிலும் உட்கார். அதே ஆரம்பம், அதே தண்ணீர் பாட்டில், நகர்த்துவதற்கு முன் கையை மடியில் வைக்கும் அதே வழக்கம். கடைசி நாளுக்கு என்று புதிய துணிச்சல் எதையும் எடுத்து வராதே. ஜூவின் பன்னிரண்டாவது ஆட்டத்தை நான் திரும்பத் திரும்பப் போடுவது இதைக் காட்டத்தான்.

பத்தாம் வகுப்பு வந்துவிட்டது. இரண்டு வருடம் நிறுத்திவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

நிறுத்தாதீர்கள். குறைத்துக்கொள்ளுங்கள்.

கெஞ்சிக் கேட்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆறாம் வகுப்பில் பத்துப் பெண்கள் வந்தால் பத்தாம் வகுப்பில் இரண்டு பேர்தான் மிஞ்சுகிறார்கள். ஆண் பிள்ளைகளைத் தேர்வு முடிந்ததும் திரும்ப அனுப்புகிறீர்கள். பெண் பிள்ளைக்கு அந்தப் “பிறகு” வருவதே இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு, கல்லூரி, விடுதி, கல்யாணம் என்று போய்விடுகிறது. வாரத்துக்கு ஒரு ஆட்டம் போதும். ஞாயிறு மாலை ஒரு மணி நேரம். விட்டுப்போகாமல் இருந்தால் திரும்ப வரலாம். ஹம்பி மகள் பிறந்த பிறகு விலகியிருந்து, திரும்பி வந்து 2019இலும் 2024இலும் உலக ரேபிட் பட்டம் வென்றார். அவரால் முடிந்தது, திரும்பி வர ஒரு இடம் வீட்டிலேயே இருந்ததால்.

நம் ஊரிலிருந்து போட்டிகளுக்குப் போவது நடக்கிற காரியமா?

சிரமம்தான். கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகராக இருந்தும் ஊருக்குள் ரயில் நிலையம் இல்லை. சென்னைப் போட்டி என்றால் இரவு பஸ். விடியற்காலையில் கோயம்பேட்டுப் பக்கம் இறங்கி, முகம் கழுவி, இட்லி சாப்பிட்டு, ஒன்பது மணிக்குப் பலகை முன்னால் உட்கார வேண்டும். சேலம், ஓசூர், பெங்களூருப் போட்டிகளை முதலில் எடுங்கள், போன அன்றே திரும்பிவிடலாம். ஆட்டத் திறனை எண்ணால் காட்டும் உலக ரேட்டிங் பட்டியலில் இப்போது குறைந்தபட்சம் 1400 வேண்டும். 2024 மார்ச்சில் அந்த வரம்பை உயர்த்தினார்கள். ஆகவே முதல் வருடமே ரேட்டிங் வரவில்லை என்று பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

பெண்ணுக்கும் சதுரங்கத்துக்கும் நம் ஊர்களில் பழைய தொடர்பு ஏதும் உண்டா?

திருவாரூர் மாவட்டம் பூவனூரில் சதுரங்க வல்லபநாதர் கோயில் இருக்கிறது. சதுரங்கத்தில் யாராலும் வெல்ல முடியாத அரசகுமாரி ராஜராஜேஸ்வரியை, சிவபெருமானே வந்து ஆடி வென்று மணந்தார் என்பது தலவரலாறு. மனிதர் யாராலும் அவளை வெல்ல முடியவில்லை என்ற பகுதியைத்தான் என் பிள்ளைகள் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்கிறார்கள்.

அந்தப் பன்னிரண்டாவது ஆட்டத்தை வீட்டில் எப்படி ஆடிப் பார்ப்பது?

நகர்த்தல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். திரையில் பார்க்காதீர்கள். பலகையை விரியுங்கள். ஒருவர் நகர்த்தலைப் படிக்கட்டும், பிள்ளை காயை நகர்த்தட்டும். கணினி காட்டும் மதிப்பெண்ணை மூடி வையுங்கள். ஜூவின் ஒவ்வொரு நகர்த்தலுக்கு முன்னாலும் நிறுத்தி, “நீயாக இருந்தால்?” என்று கேட்டு, பிள்ளை சொல்வதை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். பாதிக்கு மேல் பொருந்தாது, பரவாயில்லை. ஒரே மூச்சில் முடிக்க வேண்டாம், இரண்டு மாலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை லெய்யின் பக்கம் பலகையைத் திருப்பி வைத்தும் ஆடிப் பாருங்கள்.

அந்தத் தாளைச் சனிக்கிழமை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். எழுத்து எங்கே சாய்கிறது என்று சேர்ந்து பார்க்கலாம்.